மேற்குப் பார்த்த பால்கனி

சாவி மீட்டர் பெட்டியில் இருக்காது,
என் இடுப்பில் இருக்கும்.
முட்டத்தில் இறங்கி போன் போட்டால் வருவேன்.
மூன்றாம் மாடி, இடது கைப் பக்கம்.
கதவைச் சற்றுத் தூக்கித் தள்ள வேண்டும்,
உப்புக் காற்றில் பெருத்துவிட்டது.

மஸ்கட்டில் இருக்கிற கிளீட்டஸ்
இரண்டு படுக்கையறை பிளாட் வாங்கிப் போட்டு
எனக்குத் தந்தது
ஒரு துடைப்பமும் ஒரு லாங் சைஸ் நோட்டும்.
"வாறவங்க எழுதட்டும் டெல்பின்,
அப்பதான் அடுத்த ஆளு வரும்."

எழுதுகிறார்கள்.
கெய்சரில் சிவப்புப் பக்கம் திருகினால்
பச்சைத் தண்ணீர் வருகிறதாம்.
பல்லி இருக்கிறதாம். இருக்கிறது.
சூரியோதயம் தெரியவில்லை என்று
இதுவரை பதினான்கு பேர்.
எழுவதும் விழுவதும் ஒரே ஜன்னலில் கிடைக்குமென்று
யார் சொல்லி அனுப்பினார்களோ.
கட்டிடம் மேற்கைப் பார்த்து நிற்கிறது,
திருப்பிவைக்க எனக்குத் தெம்பில்லை.

தலையணையில் ஒரு நீள முடி.
சுத்தத்துக்கு ஒரு நட்சத்திரம் குறைவு.
படம் பிடித்தும் அனுப்பியிருந்தார்கள்.
பெரிதாக்கிப் பார்த்தேன், என்னுடையதுதான்.
பாதி நரைத்திருந்தது.
அன்றுதான் தெரியும்.

பெயர் எழுதாத ஒருவர் மூன்று நாள் இருந்தார்,
கடல் பக்கம் போகவே இல்லை.
'சமையலறைக் குழாய் சொட்டியது. வாஷர் மாற்றியிருக்கிறேன்.'
அவ்வளவுதான்.
அந்தக் குழாயை மட்டும்
இன்றுவரை மெதுவாகத் திறக்கிறேன்.

ஆவணியில் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம்.
அப்பா போனில், அம்மா போனில்,
பையன் பால்கனியில்.
காலையில் அவர்கள் கிளம்பிப் போனபின்
விரிப்பை உருவிக்கொண்டே நோட்டைப் பார்த்தேன்.
கோணல் எழுத்து:
'ராத்திரி கடலில் லைட் எரிந்தது.
மொத்தம் 31. மூன்று தடவை எண்ணினேன். கவின்.'

முந்தின நாள் சாயங்காலம்
எங்கள் கரையிலிருந்து இறங்கியது
முப்பத்திரண்டு வள்ளம்.
எங்களுக்கும் எண்ணுகிற வழக்கம் உண்டு,
வாய்விட்டு எண்ண மாட்டோம்.

ஆறு மணிக்கு வருகிற ஆன்றோஸ்
பத்தாகியும் வரவில்லை.
பாடு நல்லாயிருக்கும் என்று
எனக்கு நானே சொல்லித்தான் படியேறியிருந்தேன்.
மூன்று தடவை எண்ணிய பிள்ளைக்குத்
தப்புமா?

விரிப்பு தோளில் கிடக்க இறங்கி ஓடினேன்.
கேட்டில் மதுரைக்காரர்கள், பெட்டியும் பையுமாக.
"சாவி?"
காதில் விழுந்தது,
பதில் சொல்ல நாக்கு இல்லை.

கரையில் யாரும் அழவில்லை.
அதில் பாதி உயிர் வந்தது.
மீதிக்காக நின்றேன்.
வெயில் ஏறி மணல் சுட்டது, செருப்பு மாடியில்.
கடைசியில் பாறைக்கு அந்தப் பக்கம்
நீல அணியம் ஒன்று தலை நீட்டியது,
எஞ்சின் இருமிக்கொண்டே வந்தது.

"பேட்டரி செத்துப் போச்சுட்டி,
ராத்திரி முழுக்க இருட்டுலதான் கெடந்தோம்"
என்றான்,
மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்கிற குரலில்.
ஏசுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம்
எங்கே போனதோ.
தோளில் கிடந்த விரிப்பால்
அவன் தலையைத் துவட்டினேன்.
கிளீட்டஸுக்குத் தெரிய வேண்டாம்.

மதுரைக்காரர்கள் எழுதினார்கள்:
'சாவி நாற்பது நிமிடம் தாமதம்.
காரணம் சொல்லவில்லை.
சூரியோதயமும் தெரியவில்லை.'
பதினைந்து.

கவினின் 31-க்குப் பக்கத்தில்
ஒரு கூட்டல் குறி போட்டு
ஒன்று என்று எழுதினேன்.
விடை எழுதவில்லை, பையன் கெட்டிக்காரன்.

விரிப்பில் பட்ட உப்பு
இரண்டு அலசலில் போய்விட்டது.
மீன் வாடை இருப்பதாக
இன்னும் ஒருவரும் எழுதவில்லை.